பகடை உருட்டிய கதை – 9: எல்லோருக்கும் ஒரே ஏணி

சென்ற வாரம் ஒரு மனித வீரனைக் குகையின் நடுவில் விட்டுவிட்டு வந்தோம்.

போர்த்தொழிலில் ஏழு படிகள் ஏறியவன். இனி மந்திரம் கற்பது என்று முடிவெடுத்து வாளை உறைக்குள் போட்டுவிட்டான். எதிரே ஓர் அரக்கன் வந்து நிற்கிறான். வாளை உருவினால் உயிர் பிழைக்கும். ஆனால் உருவிவிட்டால் அந்தப் பயணம் முழுவதற்கும் ஒரு புள்ளி அனுபவம்கூட அவன் கணக்கில் ஏறாது. 1978-இல் கேரி கைகாக்ஸ் எழுதிய ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ அவனுக்கு விதித்த நிபந்தனை அது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் வாசகர்களுக்காகக் கதைச் சுருக்கம். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டில் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகிறார்கள். அந்தப் பாத்திரத்துக்கு ஒரு தொழில் உண்டு. வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் என்று. ஆட்டக்காரர்கள் அதைக் ‘கிளாஸ்’ என்பார்கள். ஆபத்துகளைத் தாண்டத் தாண்ட அனுபவப் புள்ளிகள் சேரும். போதிய அளவு சேர்ந்ததும் தொழிலில் ஒரு படி உயரலாம். ஒரே ஆள் இரண்டு தொழில் செய்யலாமா, செய்தால் அதற்கு என்ன விலை? ‘மல்டிகிளாஸ்’ என்ற அந்த விதியின் வழித்தடத்தைத்தான் சில வாரங்களாகத் தொடர்ந்து வருகிறோம்.

1974-இல் எல்ஃப் இனத்தவருக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. இந்தப் பயணத்தில் வீரன், அடுத்த பயணத்தில் மந்திரவாதி என்று அவர்கள் மாறிக்கொள்ளலாம். 1975-இல் வந்த ‘கிரேஹாக்’ இணைப்புநூல், சேர்ந்த புள்ளிகளைத் தொழில்களுக்குள் பங்கு போடச் சொன்னது. 1978-இல் இரண்டு கதவுகள் வைத்தார்கள். எல்ஃப், குள்ளர் போன்றோர் இரண்டு தொழிலையும் ஒரே நேரத்தில் செய்யலாம். மனிதர்களோ ஒன்றை விட்டபின்தான் மற்றொன்றைத் தொட முடியும். அதற்கும் பழைய தொழிலுக்குரிய திறனில் 15, புதிய தொழிலுக்குரிய திறனில் 17 இருந்தாக வேண்டும்.

இந்த இரண்டு கதவுகளும் 22 ஆண்டுகள் அப்படியே இருந்தன. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு தாழ்ப்பாளைக் கொஞ்சம் தளர்த்தியது, கதவுகளைத் தொடவில்லை.

அவற்றைப் பெயர்த்து எடுத்தவர்களின் கதை இந்த வாரம்.

*

அதற்குள் போகும் முன் பழைய விதியின் அடியில் கிடந்த ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். இது பிடிபடாவிட்டால் பின்னால் நடந்த எதுவும் பிடிபடாது.

சதுரங்கக் கட்டத்துக்குக் கட்டம் நெல்லை இரட்டிப்பாக்கச் சொல்லி அரசனின் களஞ்சியத்தைக் காலிசெய்த கதை நமக்குத் தெரியும். பழைய அனுபவப் பட்டியலும் ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான் ஓடியது. வீரன் இரண்டாம் படிக்கு 2,001 புள்ளி சேர்க்க வேண்டும். மூன்றாம் படிக்கு 4,001. நான்காம் படிக்கு 8,001. ஆறாம் படிக்கு 35,001. ஏழாம் படிக்கு 70,001.

இரட்டித்துக்கொண்டே போகும் பட்டியலில் பாதிப் புள்ளி வைத்திருப்பவன் பாதி உயரத்தில் நிற்பதில்லை. ஒரு படி கீழே நிற்கிறான். அவ்வளவுதான்.

72,000 புள்ளி சேர்த்த மனித வீரன் ஏழாம் படியில் இருப்பான். அதே புள்ளியோடு மனித மந்திரவாதியும் ஏழாம் படியில் இருப்பான். நல்ல வலிமையுள்ள ஓர் எல்ஃப் அதை இரண்டாகப் பிரித்து வாளுக்கு 36,000, மந்திரத்துக்கு 36,000 என்று போடுகிறான். அவன் ஆறாம் படி வீரன், ஐந்தாம் படி மந்திரவாதி, இரண்டும் ஒருசேர. வாளில் ஒரு படி, மந்திரத்தில் இரண்டு படி இழந்து, இரண்டு ஆளின் வேலையைச் செய்கிறான். கவசத்தைக் கழற்றாமலே மந்திரமும் சொல்கிறான்.

இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் வரத்தை எங்கேயாவது தடுத்தாக வேண்டும். அதனால்தான் உச்சவரம்பு வந்தது. 1978 விதிப்படி எல்ஃப் எவ்வளவு வலிமையுள்ளவனாக இருந்தாலும் வீரத்தில் ஏழாம் படியைத் தாண்ட முடியாது. மனிதனுக்கு அப்படி ஒரு கூரை இல்லை. உலகம் மனிதர்களைச் சுற்றியே இயங்க வேண்டும் என்பது கைகாக்ஸின் கொள்கை. 1979-இல் வந்த, ஆட்டத்தை நடத்திச் செல்லும் கதைநடத்துனருக்கான கையேட்டில் அதை விளக்கமாகவே எழுதியிருக்கிறார்.

ஆனால் ஆடுகிறவனின் பக்கம் நின்று பாருங்கள். ஆண்டுக்கணக்கில் ஓடும் ஆட்டத்தில் நண்பர்கள் மேலே ஏறிக்கொண்டே போகிறார்கள். இவனுடைய பாத்திரம் மட்டும் கூரையில் தலை இடித்து நின்றுவிடுகிறது. என்ன வீரம் காட்டினாலும் இனி உயர்வில்லை. விளையாட்டின் சமநிலைக்காகப் போட்ட விதிதான். ஒரு மனிதனின் வார இறுதிகளில் அது இறங்கும்போது தண்டனையாகவே இறங்கியது.

*

1997.

விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா ஊரில் கைகாக்ஸ் தொடங்கிய டி.எஸ்.ஆர். நிறுவனம் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. அச்சகத்துக்குக் கொடுக்கவே பணம் இல்லை. கைகாக்ஸ் அதிலிருந்து வெளியேறிப் பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

வாங்க வந்தது விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட். வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலை ஒட்டிய ரென்டன் ஊரில் இருந்த நிறுவனம். 1993-இல் வெளியிட்ட ‘மேஜிக்: த கேதரிங்’ சீட்டாட்டம் அதற்குப் பணத்தைக் கொட்டிக் கொடுத்திருந்தது. அதன் தலைவர் பீட்டர் ஆட்கிசன் சிறுவயதிலிருந்தே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடி வளர்ந்தவர். வாங்கியதும் மூன்றாம் பதிப்புக்கான வேலை தொடங்கியது.

வடிவமைப்பாளர்களாகப் பெயர் பெற்றவர்கள் மூவர். ஜோனதன் ட்வீட், மான்ட்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ்.

ட்வீட் வெளியிலிருந்து வந்தவர். 1987-இல் மந்திரவாதிகளையே மையமாக வைத்து வந்த ‘ஆர்ஸ் மேஜிகா’வின் இரு ஆசிரியர்களில் ஒருவர். படிகளே இல்லாத ஆட்டம் அது. குக் டி.எஸ்.ஆரில் பல நூல்கள் எழுதியவர். வில்லியம்ஸ் லேக் ஜெனீவாக்காரர். ‘டிராகன்’ இதழில் வாசகர்களின் விதிச் சந்தேகங்களுக்குப் பல ஆண்டுகள் பதில் எழுதியவர். விதிநூலின் எந்த வரி மேசையில் சண்டையைக் கிளப்பும் என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

அவர்கள் முன்னால் வேறொரு வழியும் திறந்தே இருந்தது. தொழில் என்ற ஏற்பாட்டையே தூக்கி எறிந்துவிடலாம். 1978-இலேயே கேயாசியம் வெளியிட்ட ‘ரூன்குவெஸ்ட்’ அதைச் செய்துகாட்டியது. அங்கே தொழிலும் இல்லை, படியும் இல்லை. வாளைப் பயன்படுத்தினால் வாள் திறன் வளரும், பூட்டைத் திறந்தால் பூட்டுத் திறன் வளரும். இரண்டு தொழில் செய்யலாமா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

மூவரும் அந்த வழியில் போகவில்லை. தொழிலைக் காப்பாற்றினார்கள். என் கணிப்பில் அது சரியான முடிவு. முதன்முறை மேசைக்கு வந்து உட்காரும் ஒருவரிடம் முப்பது திறன்களின் பட்டியலை நீட்டினால் திகைத்துப்போவார். ‘நீ யார்? வீரனா, திருடனா?’ என்று கேட்டால் உடனே பதில் சொல்வார். கதை அந்தக் கணத்திலேயே தொடங்கிவிடும்.

தொழில் இருக்க வேண்டும், ஆனால் எவரும் எந்தத் தொழிலையும் எப்போதும் தொடலாம். இரண்டையும் ஒன்றாக எப்படிக் கட்டுவது?

*

திறவுகோல் ஒரு சின்ன இடத்தில் இருந்தது. எண்களைக் கூட்ட முடியுமா என்பதில்.

பழைய பதிப்பில் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனித் தாக்குதல் அட்டவணை. வீரனின் அட்டவணையில் ஒரு எண், திருடனின் அட்டவணையில் வேறொரு எண். இரண்டு தொழில் செய்பவன் இரண்டில் எது சிறந்ததோ அதை எடுத்துக்கொள்ளலாம். கூட்ட வழியில்லை. ஆபத்திலிருந்து தப்பும் பகடைக்கும் அப்படியே ஐந்து பிரிவுகள், தொழிலுக்கொரு அட்டவணை. அனுபவப் பட்டியலும் தொழிலுக்கொன்று.

மூன்றாம் பதிப்பு இந்த அட்டவணைகளை எல்லாம் கலைத்துப் போட்டது. தாக்குதல் திறன் ஒரு கூட்டெண் ஆனது. வீரன் ஏறும் படி ஒவ்வொன்றும் ஒன்று தரும். திருடனுக்கு நான்கு படிக்கு மூன்று. மந்திரவாதிக்கு இரண்டு படிக்கு ஒன்று. நான்கு படி வீரனாகவும் மூன்று படி திருடனாகவும் இருப்பவனுக்கு நான்கும் இரண்டும் ஆறு. கூட்டினால் முடிந்தது. தப்பும் பகடை மூன்று பிரிவாகச் சுருங்கியது. உடல் உறுதி, சுறுசுறுப்பு, மன உறுதி. அவையும் கூட்டெண்கள்தான்.

ஒரு தொழில் என்பது செங்கல் செங்கலாகப் பிரிந்துவிட்டது. எந்தச் செங்கல்லின் மேலும் எந்தச் செங்கல்லையும் வைக்கலாம்.

கடைசியாக மாற்றியது அனுபவப் பட்டியலை. தொழிலுக்கு ஒன்றாக இருந்த ஏணிகளை எடுத்துவிட்டு எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஏணியைச் சாத்தினார்கள். இரண்டாம் படிக்கு 1,000. மூன்றாம் படிக்கு 3,000. நான்காம் படிக்கு 6,000. பத்தாம் படிக்கு 45,000. இருபதாம் படிக்கு 1,90,000. நிற்கும் படியின் எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் அடுத்த படிக்கு மேற்கொண்டு சேர்க்க வேண்டிய புள்ளி வந்துவிடும்.

தன் தகுதிக்கேற்ற எதிரிகளோடு பதின்மூன்று, பதினான்கு மோதல்கள் நடந்தால் ஒரு படி ஏறலாம் என்ற கணக்கு எல்லாப் படிக்கும் பொருந்தும்படி புள்ளிகளை அளந்து வைத்தார்கள். கதைநடத்துனருக்கு இது பெரிய நிம்மதி. குழுவில் யார் எத்தனையாவது படி என்று பார்த்தாலே எந்த அரக்கனை அனுப்பலாம் என்று தெரிந்துவிடும்.

இரட்டிக்கும் ஏணி போய் சீராக நீளும் ஏணி வந்தது. இந்த ஒரு மாற்றத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். கதையின் திருகாணி இங்கேதான் இருக்கிறது.

*

ஆகஸ்ட் 2000. மில்வாக்கி நகரில் ஜென் கான் விளையாட்டுத் திருவிழா. மூன்றாம் பதிப்பின் ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ விற்பனைக்கு வந்தது. விலை 19 டாலர் 95 சென்ட்.

பதினொரு தொழில்கள். இனத்துக்கு உச்சவரம்பு அடியோடு இல்லை. படி ஏறும் ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்கலாம், இருக்கும் தொழிலில் இன்னொரு படியா, புதிய தொழிலில் முதல் படியா என்று. குகையில் நாம் விட்டுவந்த வீரன் வாளையும் உருவலாம், மந்திரமும் சொல்லலாம். தண்டனை கிடையாது.

ஒரு சின்ன வேலி மட்டும் போட்டிருந்தார்கள். ஒவ்வோர் இனத்துக்கும் உகந்த தொழில் ஒன்று. குள்ளருக்குப் போர், எல்ஃபுக்கு மந்திரம். மற்ற தொழில்களின் படிகள் ஒன்றுக்கொன்று ஒரு படிக்கு மேல் ஏற்றத்தாழ்வாக இருந்தால் அனுபவப் புள்ளியில் 20 சதவீதம் வெட்டு. மனிதனுக்கும் அரை எல்ஃபுக்கும் எந்தத் தொழிலும் உகந்த தொழிலே. 22 ஆண்டுகள் ஒன்றை விட்டால்தான் மற்றொன்று என்று கட்டுண்டு கிடந்த மனிதன், ஒரே நாளில் விளையாட்டிலேயே சுதந்திரமான பிறவி ஆனான். இரண்டு தொழில் என்ற எண்ணமே எல்ஃபுக்காகத்தான் பிறந்தது. அந்த எல்ஃபுக்கு இப்போது தனிச்சலுகை எதுவும் மிச்சமில்லை.

ஒரு முரணையும் சொல்லிவிட வேண்டும். அதே நூலில் பாத்திரத்தின் தொடக்க வயதைக் கணக்கிட ஓர் அட்டவணை உண்டு. மனித வீரனுக்கு 15 வயதோடு ஒரு பகடை. மனித மந்திரவாதிக்கு 15 வயதோடு இரண்டு பகடை. மந்திரம் கற்க ஆண்டுகள் பிடிக்கும் என்பது அதன் பொருள். ஆனால் நேற்றுவரை வாள் வீசியவன் நான்காம் படிக்கு வரும்போது ‘மந்திரவாதி’ என்று குறித்துக்கொண்டால் இன்று காலை அவனுக்கு மந்திரம் தெரியும். குருவும் வேண்டாம், ஆண்டுகளும் வேண்டாம். கதை ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் என்று பிரியத் தொடங்கிய இடமாக இதை நான் பார்க்கிறேன்.

*

கூட்டக்கூடிய எண்களில் ஓட்டை இருந்தது. ஆட்டக்காரர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

உடல் உறுதியில் சிறந்த தொழில் முதல் படியிலேயே இரண்டு தரும். இரண்டாம் படியில் அது மூன்றாகும், மூன்றாம் படியிலும் மூன்றுதான். மூன்று படியும் வீரனாகவே ஏறியவனுக்கு மூன்று. ஆனால் ஒரு படி வீரன், ஒரு படி பார்பேரியன், ஒரு படி ரேஞ்சர் என்று ஏறியவனுக்கு இரண்டும் இரண்டும் இரண்டும் ஆறு. ஒரே தொழிலில் உழைத்தவனைவிட மூன்று வாசலில் தலைகாட்டியவன் இரு மடங்கு உறுதியானவன்.

ரேஞ்சர் தொழிலில் இது இன்னும் முற்றியது. இரண்டு கையிலும் ஆயுதம் ஏந்திப் போரிடும் திறனை அது முதல் படியிலேயே அள்ளிக் கொடுத்தது. வீரன் அதே திறனைத் தன் தேர்வுகளைச் செலவழித்துத்தான் பெற வேண்டும். எனவே பலர் ஒரே ஒரு படி ரேஞ்சராக இருந்துவிட்டு வெளியேறினார்கள். இதற்கு ‘டிப்’ என்று பெயரும் வந்தது. குளத்தில் முங்கி எழுவது போல.

காட்டைக் காதலிக்கும் ஒருவன் என்று எழுதி வைத்த தொழில், இரண்டு கத்திகளை வாங்கிக்கொண்டு போகும் கடையாகிவிட்டது. ஆட்டக்காரர்களை இதில் குறை சொல்ல மனம் வரவில்லை. முதல் படியில் எல்லாவற்றையும் குவித்து வைத்தது விதிதான்.

ஆனால் இதைவிட ஆழமான விரிசல் வேறொரு பக்கம் விழுந்திருந்தது. அதில் சிக்கியது மந்திரவாதி.

*

அந்தத் திருகாணிக்கு வருவோம்.

இரட்டிக்கும் ஏணியில், இரண்டு தொழில் செய்பவன் ஒன்றிரண்டு படிதான் இழந்தான். சீரான ஏணியில் ஐந்தும் ஐந்தும் சேர்ந்தால்தான் பத்து. 45,000 புள்ளி சேர்த்தவன் பத்துப் படி வீரனாகலாம், பத்துப் படி மந்திரவாதியாகலாம், அல்லது ஐந்துக்கு ஐந்தாகலாம். இழப்பு ஒன்றிரண்டு படியிலிருந்து ஐந்து படிக்குத் தாவிவிட்டது.

வீரனும் திருடனும் கலந்தால் இந்த இழப்பு அவ்வளவு உறைக்காது. தாக்குதல் எண் கூடிக்கொண்டே போகும். மந்திரம் அப்படிக் கூடுவதில்லை. மந்திரங்கள் ஒன்று முதல் ஒன்பது வரை வட்டங்களாக அடுக்கப்பட்டவை. ஐந்தாம் படி மந்திரவாதிக்கு மூன்றாம் வட்டம் திறக்கும், பத்தாம் படியில் ஐந்தாம் வட்டம். ஐந்து படி வீரத்தை அதோடு எப்படிக் கூட்டினாலும் நான்காம் வட்டத்தின் பூட்டு திறக்காது.

மேசையில் இது எப்படித் தெரியும் என்றால், பத்துப் படி ஏறிய மந்திரவாதி தீக்கோளம் வீசினால் பத்துப் பகடை உருட்டுவான். ஐந்துக்கு ஐந்து கலந்தவன் ஐந்து பகடை உருட்டுவான். எதிரே நிற்பதோ பத்தாம் படிக் குழுவுக்கு ஏற்ற அரக்கன். அதன் மந்திரத் தடுப்பை உடைக்க இருபது முகப் பகடையோடு மந்திரப் படியின் எண்ணைக் கூட்ட வேண்டும். அவனிடம் பத்துக்குப் பதில் ஐந்து. சரி, வாளை எடுக்கலாம் என்றால் தாக்குதல் எண் ஏழு. பக்கத்தில் நிற்கும் முழு வீரனுக்குப் பத்து. முழுக் கவசம் அணிந்தால் சொல்லும் மந்திரம் 35 சதவீதம் தவறிப்போகும்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இருபதாம் படியில் நிலைமை இன்னும் மோசம். நண்பன் ஒன்பதாம் வட்டத்தில் நின்று காலத்தையே நிறுத்துகிறான். பத்துக்குப் பத்து கலந்தவன் ஐந்தாம் வட்டத்தைத் தாண்டவில்லை.

வாளும் மந்திரமும் ஏந்திய எல்ஃப். இந்த விதி பிறந்ததே அவனால்தான். 1974-இன் சிறு நூல்களில் அவனுக்காகத்தான் அந்த முதல் வரி எழுதப்பட்டது. எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்ட 2000-இன் விதி, அவனை மட்டும் ஆடத் தகுதியற்றவனாக்கிவிட்டது. விதி அனுமதிக்கிறது, கணக்கு அனுமதிக்கவில்லை. வடிவமைப்பில் நடந்த பிழைகளில் இதைத்தான் நான் மிகப் பெரியதாக எண்ணுகிறேன். ஏணியின் வடிவத்தை மாற்றினால் அதன்மேல் நிற்கிறவர்களின் கதியும் மாறும். ஏணி மாறியது, மந்திரவாதிக்கு மட்டும் அதற்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை.

2003 ஜூலையில் திருத்திய பதிப்பு வந்தது. 3.5 என்று எண்ணிட்டார்கள். ரேஞ்சரின் இரட்டைக் கத்தித் திறன் முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்குத் தள்ளப்பட்டது. முங்கி எழ வந்தவர்களுக்கு அது பதில்.

மந்திரவாதிக்கும் ஒரு பதில் இருந்தது. கதைநடத்துனருக்கான கையேட்டில், உயர்படி ஏறியவர்கள் மட்டும் நுழையக்கூடிய சிறப்புத் தொழில்களின் பட்டியலில், இரண்டு புதிய பெயர்கள் சேர்ந்திருந்தன. எல்ட்ரிட்ச் நைட், மிஸ்டிக் தியர்ஜ். முதலாவது வாளும் மந்திரமும் ஏந்துபவருக்கு. இரண்டாவது, மந்திரவாதியாகவும் பூசாரியாகவும் இருப்பவருக்கு.

ஏணியைத் தொடாமல், பக்கத்தில் இரண்டு முட்டுக்கழிகளைச் சாய்த்து வைத்தார்கள். பாதி வழியில் நின்றுவிட்ட அந்த எல்ஃபை அவை மேலே ஏற்றினவா, இல்லை ஏணியையே மறுபடி பிரிக்க வேண்டியிருந்ததா?

(அடுத்த வாரம்)